பழைய காரில் கதவுச் சாவி இல்லையா? பூட்டைக் கழற்றி எல்லாவற்றையும் ஒரே சாவிக்குக் கொண்டுவருவது எப்படி

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள், குனிந்து அடியில் துரு தேடுவார்கள். சாவியை ஒவ்வொரு கதவிலும் போட்டுத் திருப்பிப் பார்ப்பவர் குறைவு. வண்டி ஸ்டார்ட் ஆகிறது, சென்ட்ரல் லாக் வேலை செய்கிறது, போதும் என்று ஓட்டி வந்துவிடுவோம். அப்புறம் ஒருநாள் பேட்டரி இறங்கிவிடும். சாவியைக் கதவில் நுழைத்தால் நுழையும், திரும்பாது. அப்போதுதான் தெரியும், கையில் இருப்பது இக்னிஷன் சாவி மட்டும், கதவுச் சாவி எங்கோ யாரிடமோ இருக்கிறது என்று.

எனக்கும் இப்படி நடந்தது. அவசரப்பட்டு இரண்டு கதவுக்கும் புதுப் பூட்டு வாங்கி மாட்டினேன். முடிவில் இக்னிஷனுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, டிக்கிக்கு ஒன்று என்று மூன்று சாவி சேர்ந்தது. கழற்றிப் போட்ட பழைய பூட்டைச் சும்மா பிரித்துப் பார்த்தபோதுதான், நான் தேடிய சாவியின் அளவு முழுக்க அதற்குள்ளேயே இருந்தது புரிந்தது. அதனால் புதுப் பூட்டு வாங்கும் யோசனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இருக்கிற பூட்டிலிருந்து சாவி செய்ய முடியும். இல்லாவிட்டால் இருக்கிற சாவிக்கு ஏற்றபடி பூட்டை மாற்றி அமைக்கலாம். இரண்டும் முடியாத இடத்தில்தான் புதுப் பூட்டுக்கு வேலை.

முதலில் பூட்டுக்குள் என்ன இருக்கிறது

கார் பூட்டு வீட்டுப் பூட்டு மாதிரி இல்லை. சாவி நுழையும் உருளைக்குள் சிறிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு செவ்வகத் துளை, அதன் வழியாகத்தான் சாவி போகிறது. பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பிரிங் தகட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சாவி இல்லாதபோது தகடுகள் உருளைக்கு வெளியே நீட்டி, சுற்றியுள்ள கூட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும், உருளை திரும்பாது. சரியான சாவி போனால் அதன் ஒவ்வொரு வெட்டும் ஒரு தகட்டைச் சரியான உயரத்துக்கு இழுத்து உருளையோடு சமமாக்கும். எல்லாத் தகடும் சமமானால் பூட்டு திரும்பும்.

தகட்டுக்கு மூன்று, நான்கு அல்லது ஐந்து அளவுகள்தான் இருக்கும். அடுத்தடுத்த அளவுகளுக்கு இடையே வித்தியாசம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். 1, 2, 3 என்று எண் போட்டே பல தகடுகள் வரும். அப்படியானால் ஒரு சாவி என்பது 3-1-2-4-2-3 போல ஒரு எண் வரிசை, அவ்வளவுதான். அதை எங்கிருந்தாவது படித்துவிட்டால் சாவி வெட்டிவிடலாம்.

தேய்மானத்தையும் கணக்கில் சேருங்கள். பல வருடம் திருப்பித் திருப்பி டிரைவர் கதவுப் பூட்டின் தகடுகள் மழுங்கியிருக்கும். பக்கத்து இருக்கைக் கதவின் பூட்டை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அது தூசி படிந்து இறுகியிருக்கலாம், ஆனால் தொழிற்சாலையில் வைத்த அளவு அதில் அப்படியே இருக்கும். சாவி அளவு எடுக்க வேண்டுமானால் அந்தப் பூட்டிலிருந்து தொடங்குங்கள்.

இருப்பதைக் கணக்கெடுங்கள்

ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: டிரைவர் கதவு, எதிர்க்கதவு (பக்கத்து இருக்கைக் கதவு), டிக்கி, டேஷ்போர்டு பெட்டி, பெட்ரோல் மூடி, இக்னிஷன். கையில் உள்ள எல்லாச் சாவியையும் எல்லாவற்றிலும் போட்டுப் பாருங்கள். சோதிக்கும் முன் ஒவ்வொரு துளையிலும் துரு இளக்கும் ஸ்பிரே கொஞ்சம் அடித்து, சாவியைப் பத்துப் பதினைந்து முறை உள்ளே வெளியே இழுத்துவிட்டுத் திருப்புங்கள். பல வருடம் தொடாத பூட்டு முதல் முயற்சியில் திரும்பாது. வேறு சாவி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மூன்று விதமான விடை வரும். சாவி நுழையவே இல்லை என்றால் அது வேறு வகைச் சாவி, அல்லது துளையின் வாயில் இருக்கும் தூசித் தடுப்புக் கதவு மடங்கிச் சிக்கியிருக்கிறது. நுழைகிறது, திரும்பவில்லை என்றால் வெட்டு வேறு, அல்லது தகடு சிக்கியிருக்கிறது. நன்றாகத் திரும்புகிறது, ஆனால் கதவு திறக்கவில்லை என்றால் பூட்டில் பிழையே இல்லை. உள்ளே பூட்டையும், கதவைச் சாத்திப் பிடிக்கும் லாட்ச்சையும் இணைக்கும் கம்பி கழன்றிருக்கிறது, அல்லது அதைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கிறது. இந்த மூன்றாவது விஷயத்தைப் பார்க்காமல் பூட்டு வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய.

இன்னொன்று. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு போன்ற அமெரிக்க நிறுவனங்களின் பழைய வண்டிகளில் இரண்டு சாவி கொடுக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. இக்னிஷனுக்கு ஒன்று என்றால் டிக்கிக்கோ கதவுக்கோ இன்னொன்று. உங்கள் வண்டி அந்த ரகம் என்றால் யாரும் பூட்டை மாற்றவில்லை, இரண்டாவது சாவி தொலைந்திருக்கிறது, அவ்வளவே. பூட்டுகள் எல்லாம் நல்ல நிலையில் இருக்கும், சாவி மட்டும் வெட்டினால் முடிந்தது.

ஒரே சாவி முறையில் வந்த காரில் கதவு மட்டும் ஒத்துவரவில்லை என்றால், முன்பு யாரோ பூட்டையோ கதவையோ மாற்றியிருக்கிறார்கள். மோதிய வண்டிக்கு வேறு வண்டியின் கதவை மாட்டினால் பூட்டும் கூடவே வந்துவிடும். இதைக் கண்டால் அந்தப் பக்கத்துப் பெயின்ட்டையும் கதவுக் கீல்களையும் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். விற்றவர் சொல்லாத கதை அங்கே இருக்கும்.

சாவி எண்ணைத் தேடுவது

தொழிற்சாலையிலிருந்து வரும் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அசல் சாவிகளோடு வந்த சிறிய உலோகத் துண்டில் இருக்கலாம். வண்டியின் கையேட்டுப் பையில் யாராவது எழுதி வைத்திருக்கலாம். அசல் சாவியின் தலையிலேயே பொறித்திருக்கலாம். பழைய உரிமையாளரைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அவர் வீட்டு மேஜை டிராயரில் அந்தத் துண்டு கிடக்க நிறைய வாய்ப்பு உண்டு, சில நேரம் சாவியே கிடக்கும்.

இவை எதுவும் இல்லையென்றால் பூட்டின் உடம்பில் தேடுங்கள். பல ஜப்பானிய கார்களில் எதிர்க்கதவின் பூட்டு உருளையில் எண் பொறித்திருப்பார்கள். வேறு சில வண்டிகளில் டேஷ்போர்டு பெட்டியின் பூட்டில் இருக்கும். அந்தப் பெட்டிப் பூட்டு இரண்டு மூன்று ஸ்க்ரூவில் வந்துவிடும் என்பதால் கதவைப் பிரிக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவனத்தின் விற்பனையாளரிடம் கேட்பது இன்னொரு வழி. பதிவுச் சான்றும் உங்கள் அடையாள ஆவணமும் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். வண்டி மிகப் பழையது என்றால் பதிவேடு அழிந்திருக்கலாம். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டே போங்கள்.

எண் கிடைத்ததும் சாவி வெட்டுபவரிடம் அந்த எண்ணை வைத்து வெட்டச் சொல்லுங்கள், பழைய சாவியைப் பார்த்து நகல் எடுக்கச் சொல்லாதீர்கள். தேய்ந்த சாவிக்கு நகல் எடுத்தால் தேய்மானத்துக்கும் நகல் எடுத்ததாகத்தான் ஆகும். அந்த நகலுக்கு நகல் எடுத்தால் பூட்டில் ஆட்டி ஆட்டித் திறக்க வேண்டிய நிலை வரும். எண்ணை வைத்து வெட்டினால் சாவி முதல்நாள் இருந்த அளவுக்குத் திரும்புகிறது.

எந்த வழி உங்களுக்கு

எண் கிடைக்கவில்லை, ஆனால் பூட்டு நன்றாக இருக்கிறது என்றால் பூட்டு வேலை தெரிந்தவரிடம் வண்டியையோ கழற்றிய பூட்டையோ கொடுங்கள். துளை வழியே தகடுகளின் உயரத்தை அளக்கும் கருவி அவரிடம் இருக்கும். வெட்டாத சாவியைப் போட்டு அழுத்தித் திருப்பி, அதில் விழும் தடத்தைப் பார்த்து அரத்தால் ராவிச் சாவி செய்யும் பழைய முறையும் உண்டு. பூட்டைக் கழற்றிக் கையில் கொண்டுபோனால் அவருக்கு வேலை குறைவு, உங்களுக்குச் செலவு குறைவு.

ஒரு எச்சரிக்கை: கதவிலிருந்து எடுத்த அளவு இக்னிஷனுக்குப் போதாமல் போகலாம். கதவுப் பூட்டில் எல்லா இடத்துக்கும் தகடு இருக்காது. ஃபோர்டு 1980களில் கொண்டுவந்த பத்து வெட்டுச் சாவி இதற்கு நல்ல உதாரணம். பத்து வெட்டில் கதவு ஒரு பகுதியை மட்டும் படிக்கும், இக்னிஷன் வேறு பகுதியைப் படிக்கும், சில இடங்கள் மட்டும் இரண்டுக்கும் பொது. கதவைத் திறக்கிற சாவி ஸ்டார்ட் செய்யவில்லையே என்று வெட்டியவரைத் திட்டக் கூடாது.

இக்னிஷன் சாவி கையில் இருக்கிறது, கதவுகள் மட்டும் ஒத்துவரவில்லை என்றால் கதவுப் பூட்டின் தகடுகளை மாற்றி இக்னிஷன் சாவிக்கே கொண்டுவருவதுதான் என் விருப்பம். பூட்டு, நிறம், வடிவம் எல்லாம் அசலாகவே இருக்கும், ஒரே சாவி. எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பழைய கதவுச் சாவியும் அன்றோடு செல்லாமல் போகும். வண்டிக்குள் பொருள் வைப்பவர்களுக்கு இதுவே பெரிய நிம்மதி.

பூட்டுகளே உடைந்தோ கரைந்தோ போயிருந்தால் முழு செட் வாங்குங்கள்: இக்னிஷன், இரண்டு கதவு, டிக்கி, இரண்டு சாவி சேர்ந்து வரும். தனித்தனியாக வாங்கினால் நான் பட்ட பாடுதான். காயலான் கடையில் வாங்குவதானால் ஒரே வண்டியிலிருந்து எடுத்த செட்டாக, சாவியோடு வாங்குங்கள். அங்கேயே சாவியைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். இடக்கதவுப் பூட்டும் வலக்கதவுப் பூட்டும் முகத்தில் ஒன்று போலிருக்கும், பின்னால் உள்ள நெம்புநாக்கு எதிர்த்திசையில் இருக்கும். அந்த நாக்கின் நீளத்தையும் திசையையும் உங்கள் பழைய பூட்டோடு ஒப்பிடாமல் காசு கொடுக்காதீர்கள்.

சாவியில் சிப் இருக்கிறதா

ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 அக்டோபரிலிருந்து புதிய கார்களில் இம்மொபிலைசர் கட்டாயமானது. மற்ற இடங்களிலும் அதையொட்டிய வருடங்களில் பரவியது. அத்தகைய வண்டியில் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் சிறிய சிப் இருக்கும். இக்னிஷனைச் சுற்றியுள்ள வளையம் அதைப் படித்து, தெரிந்த சிப் என்றால்தான் இன்ஜினை ஓடவிடும். வெட்டு சரியாக இருந்தும் வண்டி ஸ்டார்ட் ஆகி இரண்டு நொடியில் அணைந்தால், அல்லது ஸ்டார்ட்டே ஆகாமல் சாவிப் படம் போட்ட விளக்கு சிமிட்டினால் அதுதான் காரணம். புதுச் சிப்பை வண்டிக்கு அறிமுகப்படுத்த அதற்கான கருவி வேண்டும். சில வண்டிகளில் ஏற்கெனவே பதிவான இரண்டு சாவி இருந்தால் நாமே மூன்றாவதைச் சேர்க்கலாம். கையேட்டில் பாருங்கள்.

கதவுக்குச் சிப் தேவையில்லை. சாதாரண உலோகச் சாவியில் அதே வெட்டை வெட்டினால் கதவும் டிக்கியும் திறக்கும். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுகிற ஆளாக இருந்தால் அப்படி ஒன்று பணப்பையில் கிடக்கட்டும்.

கதவைப் பிரித்துப் பூட்டைக் கழற்றுவது

சில ஐரோப்பிய கார்களில் பேனலை, அதாவது கதவின் உள்பக்கத்து உறையை, தொடவே வேண்டாம். கதவைத் திறந்தால் அதன் பின் விளிம்பில், லாட்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மூடி தெரியும். அதை எடுத்தால் உள்ளே ஒரு ஸ்க்ரூ. பெரும்பாலும் நட்சத்திரத் தலை. அதைத் தளர்த்தினால் பூட்டு உருளை வெளிக் கைப்பிடியிலிருந்து நேராக வெளியே வரும். சிலவற்றில் ஸ்க்ரூவை முழுக்கக் கழற்றக் கூடாது, உள்ளே விழுந்துவிடும். தளர்த்தி, இழுத்துப் பார்த்து, மறுபடி தளர்த்துங்கள்.

மற்ற வண்டிகளுக்குப் பேனல் கழற்றியாக வேண்டும். முதல் வேலை, கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றுங்கள். கண்ணாடி கீழே இருந்தால் பூட்டின் பின்பக்கம் கை போகாது. அதன் பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கதவில் ஏர்பேக்கோ அதன் சென்சாரோ இருக்கும் வண்டியானால் சில நிமிடம் காத்திருங்கள். இந்த வரிசை மாறினால் பவர் விண்டோ வண்டியில் பேட்டரியை மறுபடி மாட்ட வேண்டியிருக்கும். ரேடியோவுக்குக் குறியீட்டு எண் இருந்தால் அது கையில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேனலைப் பிடிக்கும் ஸ்க்ரூக்கள் ஒளிந்திருக்கும். கைப்பிடிக் குழியின் அடியில், கை வைக்கும் திண்டின் கீழே, சின்ன மூடிகளுக்குப் பின்னால், கண்ணாடி ஓர முக்கோண பிளாஸ்டிக்கின் பின்னால் தேடுங்கள். இழுத்தும் ஒரு இடத்தில் மட்டும் வரவில்லை என்றால் அங்கே இன்னும் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது என்று அர்த்தம். பலத்தைக் காட்டினால் பேனல் கிழியும்.

கையால் சுற்றும் கண்ணாடிக் கைப்பிடி இருந்தால் அதன் பின்னால் லாட வடிவத்தில் ஒரு கம்பிக் கிளிப் மாட்டியிருக்கும். அதற்குக் கருவி தேவையில்லை. கைப்பிடிக்கும் பேனலுக்கும் நடுவே ஒரு பழைய துணிக் கீற்றை நுழைத்து, ஷூ துடைப்பதுபோல இங்கும் அங்கும் இழுங்கள். துணியின் இழை கிளிப்பின் நுனியில் மாட்டி அதைத் தூக்கிவிடும். கிளிப் பறக்கும், எங்கே விழுகிறது என்று கண் வைத்திருங்கள்.

இனி பேனலின் ஓரம். சுற்றிலும் பிளாஸ்டிக் கிளிப்புகள் கதவின் துளைகளில் அழுத்தி உட்கார்ந்திருக்கும். தட்டையான பிளாஸ்டிக் நெம்பியைக் கிளிப்புக்கு மிக அருகில் கொடுத்து ஒவ்வொன்றாக எழுப்புங்கள். பழைய கிளிப் இரண்டு மூன்று உடையத்தான் செய்யும், அதே அளவில் சிலவற்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். எல்லாம் விட்டதும் பேனலை வெளிப்பக்கம் இழுக்காமல் மேல்நோக்கித் தூக்குங்கள். கண்ணாடி ஓரத்தில் அது தொங்கிக்கொண்டிருக்கும். பின்னால் உள்ள ஒயர்களைக் கழற்றும் முன் ஒரு போட்டோ.

உள்ளே பிளாஸ்டிக் தாள் ஒன்று கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்துப் போடுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். கதவுக்குள் இறங்கும் மழைநீர் காருக்குள் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். பூட்டு இருக்கும் மூலையில் மட்டும் பசையைக் கத்தியால் மெதுவாக அறுத்து மடித்து வையுங்கள். அந்தப் பசையில் தூசி ஒட்டாமல் பார்த்துக்கொண்டால் திரும்ப அழுத்தும்போது அப்படியே ஒட்டும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கதவின் உள்தகடு கத்தி மாதிரி அறுக்கும். கதவின் அடியில் ஒரு துணியைப் பரப்புங்கள், கை தவறினால் பொருள் அதில் விழும். வெளியே பூட்டைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் பெயின்ட்டில் கீறல் விழாது.

டார்ச் அடித்துப் பார்த்தால் பூட்டின் பின்பக்கம் தெரியும். அதன் நாக்கிலிருந்து ஒரு கம்பி லாட்ச்சுக்குப் போகும். கம்பியின் முனையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பை முதலில் கம்பியிலிருந்து பிரித்து, பிறகு சுழற்றி விலக்குங்கள். நேராக இழுத்தால் உடையும். சென்ட்ரல் லாக் ஸ்விட்ச் பூட்டோடு சேர்ந்திருந்தால் அதன் ஒயரையும் எடுங்கள். பூட்டையும் கதவுத் தகட்டையும் சேர்த்துப் பிடிப்பது ஒரு பெரிய கவை வடிவ ஸ்பிரிங் தகடு. அதன் முனையைக் கொறடால் பிடித்துப் பக்கவாட்டில் உருவ வேண்டும். துருப் பிடித்து அசையாவிட்டால் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். தகடு வந்ததும் பூட்டு வெளிப்பக்கமாகக் கையில் வந்துவிடும். அதோடு வரும் ரப்பர் வளையத்தைத் தொலைக்காதீர்கள்.

தகடுகளை மாற்றுவது

இந்த வேலைக்கு அவசரமில்லாத ஒரு மாலை வேண்டும், வெள்ளைத் துணி விரித்த மேஜை வேண்டும். பூட்டை உள்ளே தெரிகிற ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு பிரியுங்கள் என்பது என் யோசனை. தகட்டின் ஸ்பிரிங்குகள் பேனா ஸ்பிரிங்கைவிடப் பல மடங்கு சின்னவை, தெறித்தால் கிடைக்காது.

பின்பக்கத்து நாக்கைப் பிடிக்கும் கிளிப்பையோ ஊசியையோ எடுத்து, நாக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது, திரும்பி வரச் செய்யும் ஸ்பிரிங் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று போட்டோ எடுத்துவிட்டு இரண்டையும் கழற்றுங்கள். முன்பக்கத்து முகமூடி மெல்லிய உலோகம், ஓரத்தை மடித்துப் பொருத்தியிருப்பார்கள். சிறிய ஸ்க்ரூடிரைவரால் மடிப்பைச் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள். ஒரே இடத்தில் நெம்பினால் கிழிந்துவிடும். அடியில் இருக்கும் தூசிக் கதவும் அதன் ஸ்பிரிங்கும் கூடவே வரும்.

இனி உருளையை முன்னால் இழுக்க வேண்டும். பல பூட்டுகளில் கூட்டின் பள்ளம் நீளவாக்கில் ஓடுவதால் தகடுகள் நீட்டியிருந்தாலும் உருளை வழுக்கி வந்துவிடும். சிலவற்றில் வராது. அப்போது பலம் காட்டாமல் பூட்டு வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

உருளை வெளியே வந்ததும் உங்கள் இக்னிஷன் சாவியை அதில் நுழையுங்கள். நுழையவில்லை என்றால் இரண்டும் வேறு வகைச் சாவி, இந்த வழி இங்கேயே முடிகிறது. நுழைந்தால் விரலால் உருளையைத் தடவிப் பாருங்கள். சமமாக இருக்கும் தகடு சரியானது. மேலேயோ கீழேயோ துருத்தும் தகடுகளைத்தான் மாற்ற வேண்டும். பாதி தகடு தானாகவே பொருந்திவிடுவதும் உண்டு.

துருத்தும் தகட்டின் எண்ணைப் பார்த்து, அதே இடத்தில் சமமாக உட்காரும் வேறு எண்ணை வைத்துப் பாருங்கள். பாதித் தேவை உங்களிடமே இருக்கும். இந்தப் பூட்டிலேயே இரண்டு தகட்டை இடம் மாற்றினால் பொருந்தலாம், அடுத்த கதவின் பூட்டிலிருந்து ஒன்று வரலாம். மிச்சத்துக்கு அந்த வகைச் சாவிக்கான தகடு செட் வாங்க வேண்டும். ஒவ்வொரு தகட்டுக்கும் அதன் ஸ்பிரிங் கீழே சரியாக உட்கார்ந்ததா, விரலால் அழுத்திவிட்டால் துள்ளி எழுகிறதா என்று பாருங்கள்.

துருத்தும் தகட்டை அரத்தால் ராவிச் சமமாக்கிவிடும் குறுக்கு வழி ஒன்று உண்டு, அல்லது அந்தத் தகட்டை எடுத்தே விடுவார்கள். ஒன்றோ இரண்டோ என்றால் அவசரத்துக்குப் பரவாயில்லை. நான்கைந்தை அப்படிச் செய்தால் அந்தப் பூட்டு எந்தச் சாவிக்கும், ஏன், ஒரு ஸ்க்ரூடிரைவருக்கும் கூடத் திறக்கும். இக்னிஷன் பூட்டில் ஒரு தகட்டைக்கூட இப்படித் தொடாதீர்கள்.

எல்லாம் சமமானதும் உருளையையும் கூட்டையும் மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிட்டு, கிராஃபைட் தூள் அல்லது உலர் வகை மசகு கொஞ்சம் போடுங்கள். இரண்டில் ஒன்று மட்டும். கிராஃபைட்டின் மேல் எண்ணெய் விட்டால் சேறு மாதிரி ஆகிவிடும். உருளையைக் கூட்டில் செருகி இருபது முறை திருப்பிப் பாருங்கள். சாவியை எடுத்துவிட்டுத் திருப்ப முயன்றால் அசையக் கூடாது. பிறகு முகமூடியைப் பழையபடி மடித்து, நாக்கையும் ஸ்பிரிங்கையும் போட்டோவில் இருந்தபடி மாட்டுங்கள்.

திரும்ப மாட்டும்போது, கதவைச் சாத்துவதற்கு முன்

கழற்றிய வரிசைக்கு எதிர் வரிசை: ரப்பர் வளையம், பூட்டு, கவைத் தகடு, கம்பி, ஒயர். கவைத் தகடு முழுக்க உள்ளே போய் இறுகியிருக்க வேண்டும். இல்லையென்றால் சாவியைத் திருப்பும்போது பூட்டே சேர்ந்து சுற்றும். கண்ணாடியை ஒருமுறை இறக்கி ஏற்றி, கம்பியில் எங்கும் உரசவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டாரில் ஏறும் கண்ணாடி என்றால் அதற்கு மட்டும் பேட்டரியை மாட்டிக்கொள்ளலாம். ஏர்பேக் ஒயர் கழன்ற நிலையில் இருந்தால் அதைப் பொருத்திய பிறகு.

இப்போது மிக முக்கியமான சோதனை. கதவு திறந்திருக்கும்போதே செய்ய வேண்டும். லாட்ச்சின் நகத்தை ஸ்க்ரூடிரைவரால் தள்ளினால் இரண்டு கிளிக் கேட்கும், கதவு சாத்தியதாக லாட்ச் நினைத்துக்கொள்ளும். இந்த நிலையில் சாவியால் பூட்டுங்கள், வெளிக் கைப்பிடியை இழுங்கள், நகம் விடக் கூடாது. சாவியால் திறந்து கைப்பிடியை இழுங்கள், நகம் விட வேண்டும். உள் கைப்பிடியையும் இதேபோல். நான்கைந்து முறை சரியாக வந்த பிறகுதான் கதவைச் சாத்தலாம். இதைச் செய்யாமல் சாத்தி, கம்பி கழன்றுபோய், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்காத கதவோடு பேனலை வளைத்து வளைத்துப் போராடிய அனுபவம் எனக்கு உண்டு. அப்போதும் லாட்ச்சின் நகம் விடாமல் இருந்ததால், மறுகதவு வழியாகத் தவழ்ந்துபோய்த்தான் அதைச் சரி செய்தேன்.

சோதனை முடிந்தால் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, பேனலை மேல் ஓரத்திலிருந்து தொங்கவிட்டு, கிளிப்புகளை உள்ளங்கையால் தட்டி உட்கார வையுங்கள். கதவின் அடிவிளிம்பில் நீர் வடியும் துளைகள் அடைத்திருந்தால் கையோடு குத்திவிடுங்கள்.

டிக்கியும் இக்னிஷனும்

டிக்கிப் பூட்டு கதவைவிட எளிது. உள்பக்கத்து உறையை எடுத்தால் இரண்டு நட்டோ ஒரு கவைத் தகடோதான் பிடித்திருக்கும். தகடு மாற்றும் முறையும் அதேதான்.

இக்னிஷன் வேறு கதை. ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களில் 1969 மாடலிலிருந்து இக்னிஷனை டேஷ்போர்டிலிருந்து ஸ்டியரிங் தண்டுக்கு மாற்றி, சாவியை எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்படி செய்தது. மற்ற நிறுவனங்களிலும் இது வழக்கமானது. சாவி கையில் இருந்தால் சிலிண்டரை எடுப்பது பெரும்பாலும் சுலபம்: சாவியை ஏசிசி நிலைக்கு (இன்ஜின் ஓடாமல் ரேடியோ மட்டும் பாடும் நிலை) திருப்பி, பக்கத்தில் உள்ள சின்னத் துளையில் மெல்லிய கம்பியால் அழுத்தி இழுக்க வேண்டும். சாவியே இல்லையென்றால் துளை போட்டு உடைக்க வேண்டிய இடம் அது. பக்கத்திலேயே ஸ்டியரிங் ஏர்பேக்கும் ஸ்டியரிங் பூட்டும் இருக்கின்றன. தவறாக மாட்டிய சிலிண்டர் ஓடும்போது ஸ்டியரிங்கைப் பூட்டிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாவி இல்லாத இக்னிஷனை நான் தொடுவதில்லை, அந்த வேலை தெரிந்தவருக்குக் கொடுத்துவிடுகிறேன்.

வேலை முடிந்த அன்றே சாவியின் எண் வரிசையை எழுதி வண்டிப் பத்திரங்களோடு வீட்டில் வையுங்கள், காருக்குள் வேண்டாம். இன்னொரு சாவி வெட்டி, அதை எல்லாப் பூட்டிலும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அப்புறம் மாதம் ஒருமுறையாவது எதிர்க்கதவைச் சாவியால் திறங்கள். ரிமோட்டை நம்பி விட்டுவிட்டால் அது மறுபடி இறுகிவிடும்.